ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பும் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் வாக்கில் "இந்தியாவிலிருந்து ஆஸ்கருக்குப் போகும் படம் இதுதான்" என்று செய்தி வரும். அன்று மாலைக்குள் வாக்குவாதமும் தொடங்கிவிடும். ஏன் இந்தப் படம், ஏன் அந்தப் படம் இல்லை, தமிழுக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை, தேர்ந்தெடுத்தவர்கள் யார் என்று கேள்விகள் குவியும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விதிமுறைகள் 2025 வரை நடப்பில் இருந்தவை. ஒரு படத்தோடு ஆண்டைக் குறிப்பிட்டால் அது இந்தியா அந்தப் படத்தைப் போட்டிக்கு எடுத்துக்கொண்ட ஆண்டு. விருது விழா அடுத்த ஆண்டில்தான் நடக்கும்.

எந்த விருதைப் பற்றிப் பேசுகிறோம்?

சிறந்த சர்வதேசத் திரைப்படத்துக்கான ஆஸ்கர். 2019 வரை 'சிறந்த வெளிநாட்டு மொழிப் படம்' என்று இதற்குப் பெயர். ஆரம்பத்தில் இது சிறப்பு விருதாகத்தான் கொடுக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டின் படங்களிலிருந்து போட்டிப் பிரிவாக மாறியது. முதலில் வென்றது இத்தாலியின் 'லா ஸ்ட்ராடா'.

படம் அமெரிக்காவுக்கு வெளியே தயாரானதாக இருக்க வேண்டும். 40 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருக்க வேண்டும். அனுப்பும் நாட்டில், குறிப்பிட்ட காலத்துக்குள், தியேட்டரில் கட்டணக் காட்சியாகக் குறைந்தது 7 நாள் தொடர்ந்து ஓடியிருக்க வேண்டும். அமெரிக்காவில் வெளியாகியிருக்க வேண்டிய அவசியமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு விதி: ஒரு நாட்டுக்கு ஒரு படம். ஆண்டுக்கு ஐந்தாறு படம் எடுக்கும் நாட்டுக்கும் ஒன்றுதான். இருபது மொழிகளுக்கு மேல் நூற்றுக்கணக்கில் எடுக்கும் இந்தியாவுக்கும் ஒன்றுதான். நம் ஊர்ச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியிலிருந்து பிறப்பவை.

படத்தைத் தேர்ந்தெடுப்பது மத்திய அரசா?

இல்லை. தேசிய விருதுதான் அரசு கொடுப்பது. ஆஸ்கருக்கான படத்தைத் தேர்ந்தெடுப்பது 'ஃபிலிம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா' என்ற அமைப்பு. 1951இல் தொடங்கியது, மும்பையில் இருக்கிறது. தயாரிப்பாளர்கள், விநியோகஸ்தர்கள், தியேட்டர் உரிமையாளர்கள் என்று தொழில் சார்ந்த சங்கங்களின் தலைமை அமைப்பு அது. ஆண்டுதோறும் ஒரு நடுவர் குழுவை நியமிப்பார்கள். தலைவரும் உறுப்பினர்களும் மாறிக்கொண்டே இருப்பார்கள், கூடும் ஊரும் மாறும். 2021இல் கொல்கத்தாவில் உட்கார்ந்து 'கூழாங்கல்' படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2024இல் சென்னையில் கூடி 'லாபதா லேடீஸ்' என்று அறிவித்தார்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று: நடுவர்கள் நாட்டில் வெளியான எல்லாப் படத்தையும் பார்ப்பதில்லை. தயாரிப்பாளர் விண்ணப்பித்து, கட்டணம் கட்டினால்தான் படம் அவர்கள் முன்னால் வரும். 2024இல் அப்படி வந்தவை 29 படங்கள். 'மகாராஜா', 'கொட்டுக்காளி', 'வாழை', 'தங்கலான்' எல்லாம் அந்த 29இல் இருந்தன. அதனால் "என் மனசுக்குப் பிடித்த படத்தை ஏன் ஒதுக்கினார்கள்" என்று கோபப்படும் முன், அதைத் தயாரித்தவர்கள் விண்ணப்பித்தார்களா என்று பார்ப்பது நல்லது.

'சூரரைப் போற்று', 'ஜெய் பீம்' ஆஸ்கர் போட்டியில் இருந்ததாகப் படித்தேனே?

அது வேறு பட்டியல். அமெரிக்காவில் திரையிடுவது போன்ற சில நிபந்தனைகளை நிறைவேற்றி, படிவம் கொடுத்த எல்லாப் படங்களின் பெயரையும், ஆஸ்கரை வழங்கும் அமைப்பான அகாடமி ஆண்டுதோறும் வெளியிடும். ஓட்டுப் போடும் உறுப்பினர்களுக்கு நினைவூட்டுவதற்கான பட்டியல் அது. 2021இல் 'சூரரைப் போற்று' இடம்பெற்றபோது அதில் 366 படங்கள் இருந்தன. 2022இல் 'ஜெய் பீம்' இருந்தபோது 276. தகுதி இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. யாரும் அவற்றைப் பார்த்து, வடிகட்டி, அடுத்த கட்டத்துக்கு அனுப்பவில்லை.

இரண்டும் எனக்குப் பிடித்த படங்கள்தான். ஆனால் "இறுதிப் பட்டியலில் தமிழ்ப் படம்" என்று தலைப்புப் போட்டால், உண்மையிலேயே நாட்டின் சார்பில் போன படங்களின் பெருமை மங்கிப்போகிறது.

'ஆர்ஆர்ஆர்' போனதும் இந்தப் பொதுவழியில்தான். 2022இல் இந்தியா அனுப்பிய படம் குஜராத்தி மொழியில் வந்த 'செல்லோ ஷோ'. 'ஆர்ஆர்ஆர்' தயாரிப்பாளர்கள் தனியாக மற்றப் பிரிவுகளில் போட்டியிட்டார்கள். 'நாட்டு நாட்டு' பாட்டுக்கு 2023இல் ஆஸ்கர் கிடைத்தது. நாடு அனுப்பாவிட்டாலும் கதவு திறந்திருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் அந்தக் கதவைத் திறக்க நிறையப் பணம் வேண்டும்.

முதலில் போன படம் எது? ஒருமுறையாவது ஜெயித்திருக்கிறோமா?

முதல் படம் மெஹபூப் கானின் 'மதர் இந்தியா', 1957. முதல் முயற்சியிலேயே கடைசி ஐந்துக்குள் வந்தது. வென்றது ஃபெலினியின் 'நைட்ஸ் ஆஃப் கபிரியா'. அதன்பிறகு 31 ஆண்டு கழித்து, 1988இல் மீரா நாயரின் 'சலாம் பாம்பே' ஐந்துக்குள் வந்தது. டென்மார்க்கின் 'பெல்லே தி காங்கரர்' வென்றது. மூன்றாவது 2001இல் 'லகான்'. போஸ்னியாவின் 'நோ மேன்ஸ் லேண்ட்' வென்றது. அவ்வளவுதான். மூன்று நியமனம், வெற்றி இன்னும் இல்லை.

சத்யஜித் ரேயின் 'அபுர் சன்சார்', 'மகாநகர்', 'சத்ரஞ்ச் கே கிலாடி' மூன்றும் இந்தியாவின் சார்பில் போய், நியமனம்கூடப் பெறாமல் திரும்பியவை. பிறகு 1992இல் வாழ்நாள் சாதனைக்காக அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். நம் பக்கத்தில் இருக்கும் சின்னஞ்சிறு பூட்டான் 'லுனானா' என்ற படத்தோடு 2022 விழாவில் கடைசி ஐந்துக்குள் போய் நின்றது. மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு வேண்டாவெறுப்பாக வரும் ஓர் இளம் ஆசிரியரின் கதை. பெரிய தொழில் இருந்தால்தான் அங்கே போக முடியும் என்பதில்லை.

தமிழிலிருந்து எந்தெந்தப் படங்கள் போயிருக்கின்றன?

பத்து. முதலாவது 1969இல் 'தெய்வமகன்'. ஏ.சி. திருலோகசந்தர் இயக்கி, சிவாஜி கணேசன் அப்பாவாகவும் இரண்டு மகன்களாகவும் மூன்று வேடம் போட்ட படம். தென்னிந்தியாவிலிருந்தே முதலில் போனது அதுதான். முகத்தில் வடுவோடு பிறந்ததால் பெற்றவராலேயே ஒதுக்கப்பட்ட கண்ணனும், அந்த வடுவைத் தன் முகத்திலும் சுமக்கும் அப்பாவும் எதிரெதிரே நிற்கும் காட்சியை இன்று பார்த்தாலும் இருவரையும் ஒரே ஆள் செய்திருக்கிறார் என்பது மறந்துபோகும்.

அப்புறம் 18 ஆண்டு இடைவெளி. 1987இல் 'நாயகன்' போனது. அங்கிருந்து ஒரு பெரிய அலை: 1990இல் 'அஞ்சலி', 1992இல் 'தேவர் மகன்', 1995இல் 'குருதிப்புனல்', 1996இல் 'இந்தியன்', 1998இல் 'ஜீன்ஸ்', 2000இல் தமிழிலும் இந்தியிலும் வந்த 'ஹே ராம்'. 14 ஆண்டுகளில் ஏழு படங்கள். தமிழ் சினிமாவின் தொழில்நுட்பம் இந்தியாவையே திரும்பிப் பார்க்க வைத்த காலம் அது. பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு, இளையராஜா, அவருக்குப் பின் ஏ.ஆர். ரஹ்மான், தோட்டா தரணியின் கலை இயக்கம் என்று ஒவ்வொரு துறையிலும் புதிதாக ஏதோ நடந்துகொண்டிருந்தது. நடுவர்கள் அதைப் பார்த்தார்கள்.

ஆனால் அந்த ஏழில் எல்லாமே சரியான தேர்வு என்று என்னால் சொல்ல முடியாது. 'நாயகன்', 'தேவர் மகன்', 'ஹே ராம்' மூன்றையும் எந்த ஊர் மேடையில் வேண்டுமானாலும் நிமிர்ந்து நின்று காட்டலாம். 'குருதிப்புனல்' நல்ல படம், ஆனால் அது கோவிந்த் நிஹலானியின் 'துரோகால்' என்ற இந்திப் படத்தின் மறு ஆக்கம். 'ஜீன்ஸ்' குடும்பத்தோடு பார்த்து மகிழ வேண்டிய படம். உலகத்தின் முன்னால் இந்தியாவின் அந்த ஆண்டு சினிமா இதுதான் என்று வைக்க வேண்டிய படம் இல்லை. உள்ளூரில் வியக்க வைக்கும் பிரம்மாண்டம் ஹாலிவுட்காரர்களை அசைக்காது. அவர்களிடம் இல்லாத எதையாவது கொண்டுபோக வேண்டும்.

2000க்குப் பிறகு மறுபடியும் 16 ஆண்டு இடைவெளி. 2016இல் வெற்றிமாறனின் 'விசாரணை' அதை முடித்துவைத்தது. கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், ஆந்திரக் காவல் நிலையத்தில் தான் பட்ட சித்திரவதையை 'லாக்கப்' என்ற புத்தகமாக எழுதியிருந்தார். படம் அங்கிருந்து கிளம்பியது. 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, அங்கே அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பின் இத்தாலிக் கிளையின் விருதை வாங்கியது. தேசிய விருதுகளிலும் மூன்று. அதில் படத்தொகுப்புக்கான விருதைப் பெற்ற கிஷோர், படம் முடியும் முன்பே இறந்துபோயிருந்தார்.

2021இல் 'கூழாங்கல்'. பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைத் திரும்ப அழைத்துவர, குடிகார அப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு போகிறான். திரும்பும் வழியெல்லாம் வெயிலும் பொட்டல் காடும். மதுரை மேலூர்ப் பக்கத்து மண். கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட தன் சகோதரி, கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் நடந்தே வந்ததுதான் கதைக்கு வித்து என்று வினோத்ராஜ் சொல்லியிருக்கிறார். ரோட்டர்டாம் விழாவின் உயரிய டைகர் விருது அந்த ஆண்டு இந்தப் படத்துக்குத்தான். நட்சத்திரம் இல்லை, பாட்டு இல்லை, ஒன்றேகால் மணி நேரம்தான். பத்தில் எதை அனுப்பியதற்காக நீ அதிகம் பெருமைப்படுகிறாய் என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

கமல்ஹாசன் படங்கள்தான் அதிகம் போயிருக்கின்றன என்பது உண்மையா?

அவர் நடித்த ஏழு படங்கள் போயிருக்கின்றன. இந்தியில் 'சாகர்' (1985), தெலுங்கில் 'ஸ்வாதி முத்யம்' (1986), பிறகு 'நாயகன்', 'தேவர் மகன்', 'குருதிப்புனல்', 'இந்தியன்', 'ஹே ராம்'. கடைசிப் படம் அவரே இயக்கியது.

அப்படியானால் ஏன் ஜெயிக்கவில்லை? நம் படங்கள் அவ்வளவு மோசமா?

படத்தின் தரம் ஒரு காரணம், ஆனால் முதல் காரணம் அதுவல்ல. ஓட்டுப் போடும் முறையைத் தெரிந்துகொண்டால் இது புரியும். ஆண்டுக்குச் சுமார் 85 முதல் 90 நாடுகள் படம் அனுப்புகின்றன. அகாடமி உறுப்பினர்களில் விருப்பப்பட்டவர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான படங்களைப் பார்த்து ஓட்டுப் போட்டு, 15 படமாகக் குறைக்கிறார்கள். அடுத்து 15இலிருந்து ஐந்து. கடைசிச் சுற்றில் ஐந்தையும் பார்த்த உறுப்பினர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

90 படங்களில் ஓர் உறுப்பினர் உங்கள் படத்தை ஏன் முதலில் பார்க்க வேண்டும்? ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தால் பார்ப்பார். கான், வெனிஸ், பெர்லின் போன்ற விழாக்களில் பேசப்பட்டிருந்தால், அமெரிக்காவில் ஒரு விநியோகஸ்தர் எடுத்திருந்தால், லாஸ் ஏஞ்சல்ஸிலும் நியூயார்க்கிலும் சிறப்புக் காட்சி போட்டு இயக்குநரே வந்து பேசியிருந்தால் பார்ப்பார். அதற்கெல்லாம் பணம், நாள், ஆள் மூன்றும் வேண்டும். 'லகான்' படத்துக்கு சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ் துணை நின்றது; ஆமிர் கானும் அசுதோஷ் கோவாரிகரும் லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கி, காட்சி காட்சியாகப் படத்தை ஆட்களிடம் கொண்டுபோனார்கள்.

இங்கே நடப்பது வேறு. செப்டம்பர் கடைசியில் படத்தின் பெயரை அறிவிக்கிறார்கள். டிசம்பரில் 15 படங்களின் பட்டியல் வந்துவிடும். நடுவில் இருப்பது இரண்டு சொச்சம் மாதம். அதற்குள் ஒரு சின்னத் தயாரிப்பாளர் அமெரிக்காவில் ஆள் பிடித்து, விளம்பரம் செய்து, காட்சி போட வேண்டும். 2018இல் 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்' என்ற அசாமியப் படம் தேர்வானபோது அதன் இயக்குநர் ரீமா தாஸிடம் அதற்கான பணம் இல்லை. அசாம் அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. ஒரு மாநில அரசு தன் மொழிப் படத்துக்கு அப்படித் தோள்கொடுத்ததை எல்லா மாநிலங்களும் பார்த்துப் பின்பற்ற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு நிரந்தர நிதி இருந்தால் அடுத்த 'கூழாங்கல்' கையில் காசில்லாமல் போட்டிக்குப் போக வேண்டியிருக்காது.

விழாக்களின் பலத்துக்கு அண்மைய எடுத்துக்காட்டு நீரஜ் கய்வானின் 'ஹோம்பவுண்ட்'. 2025 மே மாதம் கான் விழாவில் திரையிடப்பட்டது, மார்ட்டின் ஸ்கோர்செஸி நிர்வாகத் தயாரிப்பாளராகப் பெயர் கொடுத்தார், செப்டம்பரில் இந்தியா தேர்ந்தெடுத்தது, டிசம்பரில் 15க்குள் வந்தது. அதற்கு முன் 15க்குள் வந்த 'செல்லோ ஷோ' கூட நியூயார்க்கின் டிரைபெக்கா விழாவில் முதலில் காட்டப்பட்ட படம்தான்.

தேர்வில் பெரிய தகராறு எப்போது வந்தது?

2007இல் 'ஏக்லவ்யா' தேர்வானபோது, 'தர்ம்' படத்தின் இயக்குநர் பாவ்னா தல்வார் மும்பை உயர் நீதிமன்றம் வரை போனார். 2013இல் 'தி லஞ்ச்பாக்ஸ்' போகும் என்று எல்லோரும் நம்பியிருக்க, 'தி குட் ரோடு' என்ற குஜராத்திப் படம் போனது. 'லஞ்ச்பாக்ஸ்' அப்போதே கான் விழாவில் பெயர் வாங்கி, அமெரிக்க விநியோகஸ்தரும் கையில் இருந்த படம். நான் மேலே சொன்ன எல்லாமே அதற்கு இருந்தது. அந்த ஆண்டுதான் நாம் கைநழுவவிட்ட நல்ல வாய்ப்பு.

2024 இன்னும் வலித்தது. பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' கானில் இரண்டாவது உயரிய பரிசான கிராண்ட் ப்ரீயை வாங்கியிருந்தது. 30 ஆண்டுகளுக்குப் பிறகு கான் முதன்மைப் போட்டியில் நுழைந்த இந்தியப் படம். மும்பையில் வேலை பார்க்கும் மலையாள நர்சுகளின் கதை. பிரான்ஸ் தன் பரிசீலனைப் பட்டியலில்கூட அதை வைத்திருந்தது. நம் நடுவர் குழுவுக்கோ அது இந்தியாவில் நடக்கும் ஐரோப்பியப் படம் போலத் தெரிந்திருக்கிறது. ஃபெடரேஷன் தரப்பே அப்படிச் சொன்னது. 13 பேர் கொண்ட அந்தக் குழுவில் ஒரு பெண்கூட இல்லை. 'லாபதா லேடீஸ்' மேல் எனக்கு வருத்தம் இல்லை, அன்பான படம் அது. ஆனால் மலையாளம் பேசும் பெண்கள் மும்பை லோக்கல் ரயிலில் போகும் கதையை இந்தியத்தன்மை குறைந்தது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. 2023இல் பிரான்ஸ், கானின் முதல் பரிசான தங்கப்பனையை வென்ற 'அனாட்டமி ஆஃப் எ ஃபால்' படத்தை விட்டுவிட்டு வேறொன்றை அனுப்பியது. விடப்பட்ட படம் பொதுவழியில் போய் சிறந்த திரைக்கதைக்கான ஆஸ்கரை வாங்கியது.

ஓர் ஆண்டு படமே அனுப்பாமல் இருந்திருக்கிறார்களா?

ஆம். 2003இல் யாரும் போகவில்லை. அதற்கு முன்பும் அங்கங்கே விட்டுப்போன ஆண்டுகள் உண்டு.

இந்தியா தவிர வேறு நாடு தமிழ்ப் படத்தை அனுப்பியிருக்கிறதா?

சிங்கப்பூர் அனுப்பியிருக்கிறது. 2008இல் எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்'. குடியில் மூழ்கிய ஒரு மாயாஜாலக்காரரும் அவர் மகனும்தான் கதை; பேசுவது தமிழ். கான் முதன்மைப் போட்டிக்கும் போன படம் அது. நம்மில் பலர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை என்பது வருத்தம்.

'தீபன்' பற்றியும் கேட்கிறார்கள். ஷோபாசக்தி நடித்து, ஈழத்திலிருந்து பிரான்சுக்குப் போகும் அகதிகளைப் பற்றி, பெரும்பாலும் தமிழிலேயே பேசும் அந்தப் படம் 2015இல் தங்கப்பனை வென்றது. ஆனால் பிரான்ஸ் அந்த ஆண்டு அனுப்பியது 'முஸ்டாங்'. அதுவும் பிரெஞ்சு மொழிப் படமல்ல, துருக்கி மொழிப் படம்.

அனுப்பும் நாட்டின் சொந்த மொழியில்தான் படம் இருக்க வேண்டும் என்ற பழைய விதியை 2006இல் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் அந்த ஆண்டு தீபா மேத்தாவின் 'வாட்டர்' என்ற இந்திப் படத்தைக் கனடா அனுப்பவும், அது கடைசி ஐந்துக்குள் வரவும் முடிந்தது. வாரணாசியில் எதிர்ப்பு கிளம்பிப் படப்பிடிப்பு நின்றுபோய், இலங்கையில் எடுத்து முடித்த படம் அது. 2024இல் பிரிட்டன் அனுப்பிய 'சந்தோஷ்' படமும் இந்திதான், 15க்குள் வந்தது.

இந்தப் பட்டியலிலிருந்து எதை முதலில் பார்க்கலாம்?

தமிழில் 'கூழாங்கல்', பிறகு 'விசாரணை'. 'விசாரணை' பார்க்கும் முன் மனசைக் கொஞ்சம் தயார்செய்துகொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டாம்.

மற்ற மொழிகளில், 1974இல் போன 'கரம் ஹவா'. எம்.எஸ். சத்யு இயக்கியது. பிரிவினைக்குப் பிறகு ஆக்ராவில் ஒரு முஸ்லிம் செருப்பு வியாபாரி, சொந்தங்கள் ஒவ்வொருவராகப் பாகிஸ்தானுக்குக் கிளம்ப, போவதா இருப்பதா என்று திணறுவதை பல்ராஜ் சாஹ்னி நடித்துக் காட்டியிருப்பார். அடுத்து 2015இன் 'கோர்ட்', மராத்தி. பாட்டுப் பாடி ஒரு சாக்கடைத் தொழிலாளியைத் தற்கொலைக்குத் தூண்டினார் என்று ஒரு தலித் பாடகர்மேல் வழக்கு. நீதிமன்றம் வாய்தா மேல் வாய்தாவாக நகர்வதைப் பார்த்தால், நம் ஊர்க் கோர்ட்டில் ஒருநாள் உட்கார்ந்தவர்களுக்கு ஒவ்வொரு காட்சியும் தெரிந்ததாக இருக்கும்.

பிள்ளைகளோடு பார்க்க என்றால் 'வில்லேஜ் ராக்ஸ்டார்ஸ்'. கிடார் வாங்க ஆசைப்படும் தூனு என்ற சிறுமி, வெள்ளம் வந்துபோகும் ஓர் அசாம் கிராமம். எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, தொகுத்தது எல்லாம் ரீமா தாஸ் ஒருவரே. அசாமிய மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம், சப்டைட்டில் போதும்.